“முழுத் தையல் செட்” வாங்கி நான் ஏமாந்த விவரம்

வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுக்கும் பெண்களும், இனிமேல் தொடங்க நினைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்களுக்கு ரவிக்கையும் பஞ்சாபி சூட்டும் தைத்துக் கொடுப்பது 11 ஆண்டுகளாக என் தொழில். கடந்த தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தபோது, என் கத்தரி மழுங்கி, அளவு டேப்பில் எண்கள் தேய்ந்து போயிருந்ததால், பட்டணத்துக் கடை ஒன்றில் “முழுத் தையல் செட்” என்று விற்ற பெட்டியை 240 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். கத்தரி, டேப், மிஷின் ஊசிகள், அடிநூல் சுற்றும் 10 பாபின்கள், தையல் பிரிக்கும் கருவி எல்லாம் அதில் இருந்தன. “தைக்கிறவங்க எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, அக்கா” என்று சொன்ன கடைக்காரத் தம்பி, பெட்டியைப் பிரித்துப் பார்க்க விடவில்லை.

முதலில் காலை வாரியது டேப்தான். தோட்டத்து அம்மா ஒருவரின் மார்பளவு 36 அங்குலம் என்று பழைய டேப்பால் எடுத்து நோட்டில் குறித்திருந்தேன். அதே அளவை நம்பி, புது டேப்பால் அவருடைய பட்டுத் துணியை அளந்து வெட்டித் தைத்தேன். அவர் போட்டுப் பார்த்தபோது கொக்கி மாட்டவே இல்லை. அன்றிரவு என் மகனின் 30 செண்டிமீட்டர் இரும்பு அடிக்கோலின் மீது டேப்பை நீட்டி, இரண்டின் தொடக்கத்தையும் சேர்த்துப் பிடித்தேன். டேப்பின் 30, அடிக்கோலின் 29.5இல் நின்றது. 36 அங்குலத்துக்கு இந்தக் குறை அரை அங்குலத்தையும் தாண்டிவிடுகிறது. உடம்பையும் துணியையும் ஒரே டேப்பால் அளந்தால் இந்தப் பிழை கண்ணில் படாது; நோட்டில் உள்ள பழைய அளவோ காகிதத்தில் வெட்டி வைத்த அச்சோ குறுக்கே வரும்போதுதான் துணி பாழாகும். ஆகவே டேப் வாங்கப் போகும்போது ஓர் இரும்பு அடிக்கோலைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் ஒரே முனையிலிருந்து எண் தொடங்கும் டேப்பானால், 36 அங்குலக் கோட்டைப் பிடித்துத் திருப்பும்போது மறுபக்கம் 91.4 செண்டிமீட்டர் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

ஊசியால் வந்த நட்டம் இதைவிடப் பெரியது. வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பொட்டலத்தில் 130/705 எச் என்று அச்சிட்டிருக்கும். பெட்டியில் இருந்தவையோ தொழிற்சாலை மிஷினுக்கான, முழுவதும் உருண்டையான மெல்லிய தண்டுள்ள டிபி x 1 ஊசிகள். அவசரத்தில் நான் அதைக் கவனிக்காமல் மாட்டிவிட்டேன். தையல் விட்டுவிட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஊசி, மிஷினின் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியில் இடித்து முறிந்தது. கொக்கியின் முனை கீறிப்போனதால், ஈப்போவில் மிஷின் பழுது பார்ப்பவருக்கு 90 வெள்ளி கொடுத்தேன். பாபின்களும் அப்படித்தான்: வட்டம் சரியாக இருந்தாலும் உயரம் குறைவாக இருந்ததால், அவை பாபினை வைக்கும் கேஸுக்குள் ஆடி அடிநூலைச் சிக்கலாக்கின. கத்தரி நுனியில் வெட்டாமல் துணியை மென்றது.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனபோது, ரசீதில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த வாசகத்தைப் பார்த்து வாயடைத்துத் திரும்பிவிடாதீர்கள். பொருள் தரமாகவும் சொன்ன வேலைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை, ரசீதில் ஒரு வரி அச்சிட்டு யாரும் பறித்துவிட முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமல் நாமே மனுக் கொடுக்கலாம். நான் கொடுத்துவிட்டேன். எனக்குள்ள ஒரே கவலை, என் ரசீதில் “தையல் செட் 1” என்று மட்டும் எழுதியிருப்பதுதான். நீங்கள் வாங்கும்போது கத்தரி, டேப், ஊசி எண் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

அந்த அம்மாவின் ரவிக்கைக்கு அக்குளில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்து, கூலி வாங்காமல் கொடுத்தேன். தீபாவளிக்கு அதையேதான் உடுத்தினார். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. முறிந்த ஊசியும், டேப்பும், மகனின் அடிக்கோலும் ஒரே உறையில் இருக்கின்றன. அன்று மேசையில் டேப்பையும் அடிக்கோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறேன்.