போபா ஃபெட்டின் 3¾ அங்குல உருவங்கள்: 1979 கென்னரும் அதன் வாரிசுகளும்

ஸ்டார் வார்ஸ் படங்களின் கூலி வேட்டைக்காரரான போபா ஃபெட்டை வைத்துக் கென்னர் பொம்மை நிறுவனம் 1979-இல் வெளியிட்ட உருவத்துக்கு ஐந்தே மூட்டுகள்: கழுத்து, இரண்டு தோள்கள், இரண்டு தொடைகள். முழங்கை மடங்காது, முழங்கால் மடங்காது, முதுகில் சுமக்கும் ராக்கெட் பையைக் கழற்றவும் முடியாது. அதே உயரத்தில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் பின்னாளில் செய்து விற்ற போபா ஃபெட்டுகளின் அருகே வைத்தால், நுட்பத்தில் அது வெகுவாகப் பின்தங்கியது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆயினும், ஸ்டார் வார்ஸ் கதைமாந்தருள் இந்த ஒருவரின் சிற்றுருவங்களை மட்டும் சேர்க்கத் தொடங்கும் ஒருவர் முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான். நான்கு அங்குலத்துக்கும் குறைந்த ஓர் உருவத்தில் மூட்டுகளின் எண்ணிக்கையைவிட, ஒரு கை தொலைவிலிருந்து பார்க்கும்போது அது யார் என்று சொல்லிவிடும் நிலையும் நிறமும்தான் முக்கியம் என்பது என் கருத்து. அந்த அளவுகோலை வைத்தே இங்கு ஒவ்வொன்றையும் மதிப்பிடுகிறேன்.

ஓவியர்கள் ரால்ஃப் மெக்குவாரியும் ஜோ ஜான்ஸ்டனும் வடிவமைத்த போபா ஃபெட், படத்தில் தோன்றும் முன்பே மக்களிடம் வந்து சேர்ந்துவிட்ட விந்தையான பாத்திரம். 1978 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் அன்செல்மோ நகரில் நடந்த ஊர்வலத்தில் அந்த உடையை அணிந்த ஒருவர் படத்தின் வில்லன் டார்த் வேடருடன் நடந்து வந்தார்; அதே ஆண்டு நவம்பரில் தொலைக்காட்சியில் ஒரு சிறு கார்ட்டூன் பகுதியில் போபா ஃபெட் தோன்றினார். திரையரங்கில் அவரைப் பார்க்க 1980 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பார்த்தபோதும் அந்த இரண்டாம் ஸ்டார் வார்ஸ் படத்தில் அவர் பேசியது நான்கே வரிகள். ஆகவே 1979-இல் தபாலில் இந்தப் பொம்மையைப் பெற்ற அமெரிக்கச் சிறுவர்களுக்கு, அந்தத் தலைக்கவசத்துக்குள் இருப்பவர் யார், எதற்காக வேட்டையாடுகிறார் என்பதெல்லாம் அவர்களே கற்பித்துக்கொள்ள வேண்டிய கதையாக இருந்தது. போபா ஃபெட்டின் மீது இன்றுவரை நீடிக்கும் பற்றுக்குப் படங்களைவிட இந்தப் பொம்மைக்கே பெரும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

அளவைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 1964-இல் வந்த ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மை பன்னிரண்டு அங்குல உயரம் கொண்டது; ஆண் குழந்தைகளுக்கான உருவப் பொம்மை என்றால் நெடுங்காலம் அந்த அளவே வழக்கமாக இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் இயங்கிய கென்னர், 1978-இல் ஸ்டார் வார்ஸ் வரிசையை 3¾ அங்குலத்தில் கொண்டுவந்ததற்கு முதன்மையான காரணம் விண்கலங்கள். பன்னிரண்டு அங்குல மனிதனை உட்கார வைக்கும் விண்கலத்தை எந்த வீட்டிலும் வைக்க முடியாது. 3¾ அங்குல மனிதனுக்கு ஏற்ற கலத்தை ஒரு சிறுவன் இரு கைகளால் தூக்கிப் பறக்கவிடலாம். பின்னர் 1982-இல் ஜி.ஐ. ஜோவே இந்த அளவுக்கு மாறியது. சென்னை எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் இந்தியாவில் விற்ற ஜி.ஐ. ஜோ வீரர்களை வைத்து விளையாடியவர்களுக்கு இந்த அளவு கையில் எப்படி அமரும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி ராக்கெட் விவகாரம். போபா ஃபெட் முதலில் கடைக்கு வரவில்லை. மற்ற ஸ்டார் வார்ஸ் உருவங்களின் பொதி அட்டைகளிலிருந்து நான்கு கொள்முதல் சான்றுகளை வெட்டி அனுப்பினால் இலவசமாகக் கிடைக்கும் என்று கென்னர் அறிவித்தது. முதுகுப் பையில் சுருள்வில்லால் பாயும் சிவப்பு ராக்கெட் இருக்கும் என்பதுதான் அந்த அறிவிப்பின் பெரிய கவர்ச்சி. அதே காலத்தில் மேட்டல் நிறுவனத்தின் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை ஒரு குழந்தையின் தொண்டையில் அடைத்து உயிரைப் பறித்தது. கென்னர் தன் உருவத்தின் ராக்கெட்டை அசையாதபடி பொருத்திவிட்டது. அட்டைகளில் அச்சாகியிருந்த பாயும் ராக்கெட் வாக்குறுதியின் மீது ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. தபாலில் வந்த பெட்டிக்குள், பாதுகாப்புக் கருதி ஏவும் அமைப்பை நீக்கிவிட்டோம், மனநிறைவு இல்லையெனில் திருப்பி அனுப்பி வேறொரு உருவத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று விளக்கும் கடிதம் ஒன்றும் இருந்தது. ஒரு நிறுவனம் தன் விளம்பரத்தைத் தானே திரும்பப் பெற்று, காரணத்தையும் நேர்மையாகச் சொன்ன இந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

நிறுவனத்துக்குள் சோதனைக்காகச் செய்யப்பட்ட பாயும் ராக்கெட் மாதிரிகள் மட்டும் சில தப்பிப் பிழைத்தன. முதுகில் ராக்கெட்டின் விசை நகரும் பள்ளம் முதலில் ஆங்கில எல் எழுத்தின் வடிவில் வெட்டப்பட்டது; எளிதில் விடுபடாமல் இன்னும் உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பின்னர் ஜே வடிவத்துக்கு மாற்றப்பட்டது. சேகரிப்பாளர்கள் இவற்றை எல்-ஸ்லாட், ஜே-ஸ்லாட் என்றே அழைக்கிறார்கள். கையால் வண்ணம் பூசப்பட்ட ஜே-ஸ்லாட் மாதிரி ஒன்று 2024-இல் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் 5,25,000 டாலருக்கு விற்றது. இவை எக்காலத்திலும் பொதுமக்களுக்கு விற்கப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்; ராக்கெட் பாயும் அசல் 1979 போபா ஃபெட் என்று சொல்லி யாரேனும் சில நூறு டாலருக்கு நீட்டினால், அது பின்னாளில் வார்க்கப்பட்ட நகல் என்று தயக்கமின்றி முடிவு செய்துவிடலாம்.

சரி, விற்பனைக்கு வந்த அந்த உருவம் எப்படி இருக்கிறது? நீலச் சாம்பல் உடல், பச்சைத் தலைக்கவசம், அதன் முகப்பில் ஆங்கில டி (T) எழுத்து வடிவில் ஆழக் கருத்த பார்வைப் பிளவு, கவசத்தின் ஓரத்தில் எழுந்து நிற்கும் தொலைவுமானி, முதுகுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்கும் சிவப்பு ராக்கெட் முனை. இவ்வளவுதான். படத்தில் காணும் கீறல்களோ நசுங்கல்களோ இதில் பெரும்பாலும் இல்லை, தோளில் தொங்கும் துணியும் இல்லை. ஆனால் சிற்பி எதை விட வேண்டும் என்று அறிந்திருக்கிறார். அலமாரியில் முப்பது உருவங்களுக்கு நடுவில் இதை நிறுத்தினால், அறையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தத் தலையும் முதுகுச் சுமையும் சேர்ந்து உருவாக்கும் வெளிக்கோடு ஒருகணமும் குழப்பம் தராது. விறைப்பாக நிற்பதுகூட இந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. ஓடிவரும் நாயகன் லூக்கை ஐந்து மூட்டுகளில் காட்டுவது கடினம், காத்து நிற்கும் கூலி வேட்டைக்காரரைக் காட்ட ஐந்து மூட்டுகளே மிகுதி.

அட்டையில்லாத தனி உருவமாக வாங்குவதே பெரும்பாலானோருக்கு இயலும் வழி. அப்படி வாங்கும்போது முதலில் தொலைவுமானியின் முனையைப் பாருங்கள். குழந்தைகளின் கையில் முதலில் தேய்வது அதுதான். அடுத்து முழங்கால் பட்டைகள், தலைக்கவசத்தின் மேற்புறம், ராக்கெட் முனை ஆகியவற்றின் வண்ணம். மீண்டும் பூசப்பட்ட வண்ணம் சற்றுத் தடித்து, அருகிலுள்ள பழைய பூச்சைவிடப் பளபளப்பாகத் தெரியும். விற்பவரிடம் வெயில் வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்டால் இது உடனே வெளிப்பட்டுவிடும். காலின் பின்புறத்தில் 1979 என்ற ஆண்டும், கென்னரின் தாய் நிறுவனமான ஜெனரல் மில்ஸ் குழுமத்தைக் குறிக்கும் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்ற எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், இருக்கும் பொம்மையிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலோ என்று ஐயுற வேண்டும். கால்கள் தளர்ந்திருந்தால் உருவம் முதுகுச் சுமையால் பின்னோக்கிச் சாயும். அதைத் தாங்கிப் பிடிக்க, பாதத்தில் உள்ள துளையில் பொருந்தும் சிறு நிலைப்பலகைகள் கிடைக்கின்றன.

துப்பாக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அதிகம் நிகழ்வது அங்குதான். விரல்நுனி அளவே உள்ள அந்தத் துணைப்பொருள் தொலைந்துபோன உருவங்களே மிகுதி என்பதால், ரீப்ரோ எனப்படும் நகல் துப்பாக்கிகள் ஏராளமாக வார்க்கப்பட்டு, சில சமயம் அப்படிச் சொல்லாமலே உருவத்துடன் சேர்த்து விற்கப்படுகின்றன. அசல் துப்பாக்கிகள் பெரும்பாலும் நீரில் மிதக்கும், நகல்கள் பெரும்பாலும் மூழ்கும் என்றொரு சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது தொடக்கக் கட்ட வடிகட்டலுக்கு உதவும், தீர்ப்பாக அதை ஏற்க முடியாது. அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றின் அருகே வைத்து வார்ப்புக் கோடுகளின் கூர்மையை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி. துப்பாக்கி இல்லாத நல்ல உருவத்தை வாங்கிக்கொண்டு, அசல் துப்பாக்கியைப் பொறுமையாகப் பின்னர் தேடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

அட்டையோடு பிரிக்கப்படாமல் இருப்பவை வேறோர் உலகம். அட்டை முதல் படத்துக்குரியதா, இரண்டாம், மூன்றாம் படங்களுக்குரியதா, 1985-இல் வந்த டிராய்ட்ஸ் கார்ட்டூன் தொடருக்குரியதா என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறுகிறது. உள்ளே இருப்பதோ அதே பொம்மை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் மேற்கூடு மஞ்சளாகிவிட்டதா, பிரித்து மீண்டும் ஒட்டப்பட்டதா என்று ஆராய்வதற்கே ஒரு தனிப் பயிற்சி வேண்டும். தர மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்றும் மூடிய அக்ரிலிக் பெட்டியும் இல்லாத பெருவிலை அட்டைகளைத் தொலைவிலிருந்து வாங்க வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கையில் எடுத்துப் பார்க்க முடியாத ஒன்றின் மீது எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை.

கென்னர் இந்த வரிசையை 1985-இல் நிறுத்தியது. நிறுவனம் 1991-இல் ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போனது. 1995-இல் மீண்டும் தொடங்கிய வரிசையில் வந்த போபா ஃபெட், உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேரே வந்தவர்போல் விரிந்த மார்பும் அகட்டிய கால்களுமாக நிற்கிறார். அந்த ஆண்டுகளின் ரசனை அது. கையுறையில் அச்சான வட்டம் முழுமையாக உள்ளதா பாதியாக உள்ளதா என்ற வேறுபாட்டுக்காக ஒரு காலத்தில் பெருந்தொகை கொடுத்தார்கள். எனக்கு அந்த உருவம் எந்த நிலையிலும் போபா ஃபெட்டாகத் தோன்றவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி இடத்தை அடைக்க வேண்டாம்.

அசலுக்கு அருகில் நிற்கும் தகுதி பெற்ற முதல் வாரிசு 2010-இல், ஹாஸ்ப்ரோவின் விண்டேஜ் கலெக்‌ஷன் வரிசையில் வந்தது. பழைய கென்னர் அட்டையின் வெள்ளி விளிம்பும் நிழற்படமும் அப்படியே மீண்டும் வடிவமைக்கப்பட்ட அட்டை. உள்ளே முழுவதும் புதிதாகச் செதுக்கிய உருவம். முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாம் மடங்கவும் திரும்பவும் கூடிய பந்து மூட்டுகள், முதுகுப் பை கழன்று வரும், தோளில் உண்மையான துணி தொங்கும். தலைக்கவசத்தின் நசுங்கலும் வண்ணம் உரிந்து உலோகம் தெரியும் இடங்களும் இவ்வளவு சிறிய பரப்பில் தெளிவாகத் தீட்டப்பட்டுள்ளன. ஆனால் நான் இதை மதிப்பது இந்த நுணுக்கங்களுக்காக மட்டும் அன்று. இரு கைகளாலும் துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே ஏந்தி, இடுப்பைச் சற்றே திருப்பி நிறுத்தினால், படத்தில் போபா ஃபெட்டாக நடித்த ஜெரெமி புல்லோக் நின்ற அந்த அலட்சியமான அமைதி இதில் வந்துவிடுகிறது. மூட்டுகள் கூடியதன் பயன் ஆட்டிப் பார்ப்பதில் இல்லை, ஒரே ஒரு சரியான நிலையைக் கண்டடைவதில்தான் இருக்கிறது என்பதைக் காட்டும் உருவம் இது. குறைகளும் உண்டு. இந்த அளவுக்குத் துணி சற்றுத் தடிமன், ஆகவே படியாமல் விறைத்து நிற்கும். இலேசாக நனைத்து விரலால் படியவைத்து உலர்த்தினால் ஓரளவு அடங்கும். முதுகுப் பையை மாட்டியபின் எடை பின்னுக்குப் போவதால், கணுக்காலைக் கொஞ்சம் முன்சாய்த்தே நிறுத்த வேண்டும்.

அதே 2010-இல் ஹாஸ்ப்ரோ தபால் சலுகை ஒன்றையும் அறிவித்தது: ஐந்து கொள்முதல் சான்றுகள் அனுப்பினால், ராக்கெட் பாயும் போபா ஃபெட். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து அந்தப் பழைய வாக்கு நிறைவேற்றப்பட்டது. ராக்கெட் உண்மையிலேயே பாய்கிறது. இன்று இரண்டாம் கைச் சந்தையில் தேடிப் பெறக்கூடிய இதை, கென்னர் உருவத்துக்கு அடுத்ததாக வாங்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். ஏனெனில் இந்த இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் இந்தப் பாத்திரத்தின் பொம்மை வரலாறு முழுமையாகக் கண்முன் வருகிறது.

பழைய உருவத்தின் தோற்றம் மட்டும் போதும், பழமை வேண்டாம் என்பவர்களுக்கு, ஐந்து மூட்டுகளோடும் பழைய பாணி அட்டையோடும் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட ரெட்ரோ கலெக்‌ஷன் போபா ஃபெட் உண்டு. குழந்தையின் கையில் அச்சமின்றிக் கொடுக்கலாம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வார்ப்பின் கூர்மை அசலுக்குச் சற்றுக் குறைவுதான். 2013 முதல் வரும் ஆறு அங்குல பிளாக் சீரிஸ் உருவங்கள் அழகானவை, எனினும் அவற்றை இந்தத் தொகுப்பில் சேர்க்க மாட்டேன். போபா ஃபெட் என்றால் அவருடைய கலமும் சேர்ந்ததுதான். கென்னர் 1981-இல் வெளியிட்ட ஸ்லேவ் ஒன் கலத்தில், படத்தில் கார்பனைட் என்ற பொருளில் உறையவைக்கப்படும் நாயகர் ஹான் சோலோவின் பலகையோடு சேர்த்து, இந்த 3¾ அங்குல உருவங்களை வைக்க முடிகிறது. அந்தக் கலத்தைத் தேடுபவர்கள் பலகை உள்ளே இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது. அது இல்லாமல் விற்பனைக்கு வருபவையே அதிகம்.