மாந்தோப்புக்குப் பழைய ஜீப்பா, புதிய டீசல் காரா?

காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் மாந்தோப்புக் கொட்டகையில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று அப்பா வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், மற்றொன்று 2021-இல் நான் வாங்கிய, பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் கார். சென்ற மழைக்காலத்தில் இரண்டிலும் எலி புகுந்து ஒயர்களைக் கடித்தது. ஜீப்பில் ஹாரனும் ஒரு முகப்பு விளக்கும் போயின. ஆனாலும் அன்று காலையே அதில் மண்டிக்குப் போய் வந்தோம். காரில் கடிபட்டதோ, புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குச் செல்லும், ஒரு சாண்கூட இல்லாத ஒயர். அதற்கே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. காரின் கணினி எஞ்சின் சக்தியைக் குறைத்துவிட, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்தது. உள்ளூர் மெக்கானிக் அரை மணி நேரத்தில் ஒயரை ஒட்டிவிட்டார். ஆனால், கணினியில் பதிவான பிழையை அழிக்கும் ஸ்கேனர் அவரிடம் இல்லாததால், ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஓசூர் வரை கொண்டுபோக நேர்ந்தது.

ஜீப்பின் 2.1 லிட்டர் பூஷோ டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் தருவது முழுக்க முழுக்க இயந்திர பம்ப். பேட்டரி இறங்கிவிட்டால் நான்கு பேர் தள்ளிக் கிளப்பிவிடலாம். டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் ஸ்பேனரை வைத்துத் தோப்பிலேயே எடுத்துவிடலாம். காரில் எல்லா சிலிண்டர்களுக்கும் டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலிலோ 1,600 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. கணினி அளந்து விடும் அந்த டீசலில் ஸ்பேனருடன் கைவைக்க எந்த மெக்கானிக்கும் துணியமாட்டார், துணியவும் கூடாது.

புகை வடிகட்டி தனித் தொல்லை. அதில் படியும் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். தோப்புக்கும் மண்டிக்குமான சிறு ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. ஆகவே, வேலை எதுவும் இல்லாமலே மாதம் ஓரிரு முறை நான்குவழிச் சாலையில் தருமபுரி வரை ஓட்டித் திரும்புகிறேன். காற்று மாசைக் குறைக்க வந்த கருவிக்காக வீணாக டீசல் எரிப்பது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது, மழையில் நனைந்த சாலையில் முன்னே செல்லும் லாரி திடீரென நின்றால், நான் இருக்க விரும்புவது காரில்தான். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமான ஏ.பி.எஸ். என்ற பிரேக் வசதி, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கிறது. ஜீப்பில் அந்த இடத்தில் கடவுளை நம்பித்தான் பிரேக் மிதிக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் எல்லாமே வேண்டாதது என்று நான் சொல்லாததற்கு இதுவே காரணம். ஏ.சி. வேகத்தைக் கூட்டுவதற்கும் தொடுதிரையைத் தடவ வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அடுத்து வாங்கினால், டர்போ இல்லாத, சாவி போட்டுக் கிளப்பும், ஏ.சி.க்குத் திருகு வைத்த பெட்ரோல் காரையே வாங்குவேன். அதிலும் கணினியும் சென்சார்களும் உண்டு. ஆனால் எரிபொருள் அழுத்தம் 3, 4 பார்தான், டீசல் காரில் உள்ள புகை வடிகட்டியும் கிடையாது. மைலேஜ் குறையும், சுமையோடு மேடேற அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டும். மாங்காய்க் கூடைகளை ஏற்ற ஜீப் இருக்கும்வரை அது எனக்குப் பெரிய குறையில்லை.