வன்னிக் காட்டு ஓடுபாதைக்கு எந்த வடிவம்?

1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அத்துறைமுகத்தைக் காக்க, பாலையும் முதிரையும் அடர்ந்த வன்னிக் காட்டில், இரணைமடுக் குளத்துக்கு அண்மையில் ஒரு குறுகிய கிரவல் ஓடுபாதை அமைந்திருந்தால், அங்கே எந்தப் பரிசோதனை வடிவம் போர் விமானமாக வளர்ந்திருக்கும்? எந்த நாட்டின் வடிவம் என்பதை இக்கற்பனையில் நான் பொருட்படுத்தவில்லை.

1945 ஓகஸ்ட் 3 இல் முதன்முதலாகப் பறந்த யப்பானின் ஷிண்டென், சிறு இறக்கைகளை முன்னும் உந்துவிசிறியைப் பின்னும் கொண்டது. இயந்திரம் பின்னால் இருந்ததால் மூக்கில் நான்கு 30 மி.மீ. பீரங்கிகளைப் பொருத்த முடிந்தது. குண்டுவீச்சு விமானங்களை மறிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு அரிது. ஆயினும், மூக்கை உயர்த்தினால் தரையில் உரசக்கூடிய அந்த விசிறிக்கு, முன்சக்கரம் வாரியிறைக்கும் கிரவல் கற்களே எமனாகும்.

அமெரிக்கரான சார்ள்ஸ் சிம்மர்மன் வடிவமைத்து 1942 நவம்பர் 23 இல் பறந்த வி-173, தோசைபோல் தட்டையானது, உடலே இறக்கை. அதன் நுனிகளிலுள்ள பெரும் விசிறிகள், அங்கே எழும் காற்றுச் சுழல்களுக்கு எதிராகச் சுழன்று, மிகக் குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்குகின்றன. ஆகவே மிகக் குறுகிய வெளியே அதற்குப் போதும். இதன் போர் வடிவம் 1947 இல் கைவிடப்பட்டது. விசிறிகளுக்கு விசை கடத்தும் சிக்கலான பற்சக்கரத் தொகுதியே அதன் பெரும் பலவீனம். என் தெரிவு இதுவே, மாற்றுப் பற்சக்கரங்கள் கிளிநொச்சிக்கு ரயிலில் தவறாது வந்துசேரும் என்ற நிபந்தனையுடன்.