இலவசக் கண் முகாம்: பெரியம்மாவின் வலக் கண்ணும் மூன்று நிர்வாகங்களும்

காரைக்குடியிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில், சென்ற கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடைபெற்ற இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு என் பெரியம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். அவருக்கு வயது 71. வலக் கண்ணில் புரை முற்றி, வாசலில் நிற்பவர் யார் என்பதைக் குரலைக் கேட்ட பிறகே சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். முகாம், மருத்துவமனை, அதன் பிந்தைய கவனிப்பு ஆகியவற்றை ஒரே சேவையாகக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன். ஏனெனில் நோயாளிக்கு இவை தனித்தனியானவை அல்ல.

வீடு தேடி வந்த நோட்டீஸில் மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்று, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம். இன்னொன்று, அறக்கட்டளை நடத்தும் கண் மருத்துவமனை. மூன்றாவது, உள்ளூர்ச் சேவைச் சங்கம் ஒன்று. பந்தல், ஒலிபெருக்கி, நோட்டீஸ், மதியச் சாப்பாடு ஆகியவை சேவைச் சங்கத்தின் பொறுப்பு. மருத்துவர்களும் கருவிகளும் பேருந்தும் மருத்துவமனையுடையவை. அரசுக்காரர் எவரையும் காணோமே என்று வரிசையில் எனக்கு முன் நின்றவர் முணுமுணுத்தார். உண்மையில் பள்ளிக்கூடம் அரசுடையது. பெரியம்மாவுக்குப் புரை இருப்பதை முதலில் கண்டு சீட்டு எழுதித் தந்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கண் மருத்துவ உதவியாளர். முடிந்த ஒவ்வோர் அறுவைக்கும் இவ்வளவு என்று மருத்துவமனைக்கு மானியம் வழங்குவதும் அரசின் திட்டமே. பந்தலில் தென்படாவிட்டாலும் முதலிலும் முடிவிலும் அரசு இருக்கிறது.

காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கியது. எழுத்தறியாதவர்களும் பதில் சொல்லும்படி, கால் நீட்டிய ஆங்கில 'E' வடிவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்லும் அட்டையை வைத்துப் பார்வையைச் சோதித்தார்கள். அடுத்தடுத்த மேசைகளில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணீர்ப் பாதை, கண்ணின் நீரழுத்தம் ஆகியவற்றைப் பார்த்தார்கள். இறுதியில்தான் மருத்துவர். அவர் ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு என்று முதலில் தோன்றியது. ஆனால் அவருக்கு முன்னால் ஐந்து மேசைகள் தத்தம் வேலையை முடித்துவிட்டிருந்ததால், அந்தக் குறைந்த நேரம் அவருக்குப் போதுமானதாகவே இருந்தது. பள்ளிப் பெஞ்சுகள் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றவை அல்ல என்பதையும், கழிப்பறைக்குச் செல்லும் வழி மழையில் சேறாகிக் கிடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அறுவை பள்ளியில் நடைபெறவில்லை. முற்காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலுமே கத்தி வைத்தார்கள். இன்று தெரிவானவர்களை மருத்துவமனைக்கே அழைத்துச் செல்கிறார்கள். அன்று மாலை பேருந்து புறப்பட்டபோது துணைக்கு ஒருவரும் வரக் கூடாது என்றார்கள். பெரியம்மா கலங்கினார். உடன் வந்த செவிலிப் பெண் ஒருவர், "ஆத்தா, அங்க உங்களுக்கு நான் இருக்கேன்" என்று கையைப் பிடித்து ஏற்றிய பிறகே அமைதியானார். மறுநாள் தையலில்லா முறையில் அறுவை செய்து, புரையை எடுத்த இடத்தில் உள்விழி லென்ஸ் எனும் செயற்கை வில்லையைப் பொருத்தினார்கள். அதற்கடுத்த நாள் கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, மருந்து ஊற்றும் அட்டவணை ஆகியவற்றோடு ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். எந்த இடத்திலும் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. உணவு எப்படி இருந்தது என்று கேட்டேன். சாம்பாரில் உப்பில்லை என்றார். அவர் சமைக்காத எந்தச் சாம்பாரிலும் உப்பு இருந்ததில்லை.

இந்த ஏற்பாட்டின் வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றியபோதே கிராமங்களில் முகாம்கள் நடத்திய மருத்துவர் கோ. வெங்கடசாமி, ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உள்விழி லென்ஸ் இறக்குமதிப் பொருளாக இருந்த காலத்தில் ஏழை நோயாளிக்குப் புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடியைத்தான் மாட்டி அனுப்பினார்கள். 1992இல் மதுரையில் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கி விலை பெருமளவு இறங்கிய பின்னரே, இலவச நோயாளிக்கும் லென்ஸ் என்பது வழக்கமாயிற்று. பெரியம்மாவின் தாயாருக்கு அந்தத் தடித்த கண்ணாடிதான் வாய்த்தது. படிக்கட்டில் கால் வைக்குமுன் அவர் இரண்டு முறை தடவிப் பார்ப்பது எனக்கு நினைவிருக்கிறது.

என் மனக்குறை அறுவைக்குப் பிந்தைய நாற்பதாம் நாளில் தொடங்குகிறது. புண் ஆறியதா, பார்வை எவ்வளவு வந்திருக்கிறது, படிக்கக் கண்ணாடி வேண்டுமா என்பதையெல்லாம் அன்றுதான் முடிவு செய்வார்கள். அதே பள்ளியில் நடக்கும் என்று சொல்லப்பட்டிருந்த மறுபரிசோதனை, பொங்கலை ஒட்டி வந்ததாலோ என்னவோ, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டுவிட்டது. அதைத் தெரிவித்த குறுஞ்செய்தி ஆங்கிலத்தில், பெரியம்மாவின் பட்டன் போனுக்கு வந்திருந்தது. அழைத்து வரப் பேருந்து அனுப்பியவர்கள், சரிபார்க்க வரும் நாளில் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளுமாறு விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து அறுவைக்குச் சென்றவர்கள் ஒன்பது பேர். மறுபரிசோதனைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் நான்கு பேர்.

இதற்கு ஒரு தனி ஊழியரின் அலட்சியத்தைக் காரணமாகச் சொல்வது எளிது. எனக்கென்னவோ கணக்கு எழுதும் முறையிலேயே இது அடங்கியிருப்பதாகப் படுகிறது. மானியம் அறுவைக்கு வருகிறது. மாவட்டத்தின் இலக்கும் அறுவைகளின் எண்ணிக்கையாகவே எழுதப்படுகிறது. சேவைச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் அதே எண்தான். நாற்பதாம் நாளில் ஒருவருக்குப் பார்வை அட்டையில் எத்தனை வரி தெரிந்தது என்பது இம்மூவரில் எவருடைய பேரேட்டிலும் முதன்மையான வரவு அல்ல. பார்வை நன்றாக வந்தவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். சரியாக வராதவர் தலைவிதி என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். இருவருமே கணக்கில் வெற்றிதான்.

இதை மிகையான கவலை என்று ஒதுக்க இயலாது. 2008 ஜூலையில் விழுப்புரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் நடந்த முகாமிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் கிருமித் தொற்றால் பார்வை இழந்தார்கள். அரசு, மருத்துவமனை, அமைப்பாளர் என்று மூவர் சேர்ந்து செய்யும் பணியில் தவறு நேரும்போது பொறுப்பு யாருடையது என்பதை நோட்டீஸில் அச்சிடுவதில்லை. எங்களிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் தமிழில்தான் இருந்தது. ஆனால் புரை முற்றியவர் படிக்கக்கூடிய அளவிலான எழுத்தில் இல்லை, எவரும் வாசித்துக் காட்டவும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும், தனியார் மருத்துவமனையில் பல ஆயிரம் ரூபாய் கட்ட வழியில்லாத எவரையும் இம்முகாமுக்குப் போகுமாறே சொல்வேன். ஆதார் நகல், உட்கொள்ளும் மாத்திரைகள், மாற்றுடை ஆகியவற்றைக் காலையிலேயே கொண்டுசெல்வது நல்லது. தேர்வானபின் வீட்டுக்குப் போய்வர அவகாசம் இருக்காது. சர்க்கரை கூடுதலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் முந்தைய வாரமே பார்த்துக்கொள்ள வேண்டும். தொடர்பு எண்ணாகப் படிக்கத் தெரிந்த ஒருவருடைய எண்ணையே கொடுக்க வேண்டும்.

பெரியம்மா இப்போது வாசலுக்கு வருபவரை, அவர் வாய் திறக்கும் முன்பே பெயர் சொல்லி அழைக்கிறார். இடக் கண்ணுக்குப் பங்குனி கழிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே முகாமுக்குத்தான் அழைத்துச் செல்லப்போகிறேன். நாற்பதாம் நாளுக்கு மட்டும் ஒன்பது பேரும் ஏறக்கூடிய வேன் ஒன்றுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.