821-2049-ஏ: மேக்புக் ப்ரோ ஹார்டு டிஸ்க் கேபிள்

2012 நடுவில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவை ஆன் செய்ததும் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் மினுக்கினால், உடனே புது எஸ்எஸ்டி வாங்கி விடாதீர்கள். இந்த மாடலில் டிஸ்க்கை விட, அதை மதர்போர்டுடன் இணைக்கும் மெல்லிய ரிப்பன் கேபிள்தான் அடிக்கடி போகிறது.

சோதிப்பது எளிது. டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு, ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். அதிலிருந்து மேக் ஓஎஸ் நன்றாக ஓடினால் டிஸ்க் நலம். சந்தேகம் முழுக்கக் கேபிள் மேல்தான்.

பழைய 821-1480-ஏ கேபிளுக்குப் பதிலாக இந்த 2049 பொருந்தும். பிராக்கெட்டோடு (டிஸ்க்கைப் பிடித்து வைக்கும் சட்டம்) வருவதையே வாங்கலாம். இல்லாவிட்டால் பழையதிலிருந்து பிரித்து மாற்ற வேண்டும், அது தேவையில்லாத வேலை. 2011 மாடலுக்கான கேபிள் வேறு. எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடிமூடியில் 10 ஸ்க்ரூ, அதில் மூன்று நீளமானவை. இடம் மாறாமல் வையுங்கள். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். டிஸ்க்கின் பக்கவாட்டு ஸ்க்ரூக்களுக்கு டி6 டார்க்ஸ் (நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர்) தேவை. கேபிள் லேப்டாப் பாடியில் ஒட்டியிருக்கும், மெதுவாக உரியுங்கள்.

கேபிள் அலுமினியத்தில் உரசித் தேய்வதே கோளாறுக்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் புதியதைப் பதிக்கும் முன் அடியில் கேப்டான் டேப் (மின்சாரம் கடத்தாத மெல்லிய டேப்) ஒட்டுங்கள். வளைவுகளை நகத்தால் அழுத்தி மடிக்கவே கூடாது, உள்ளே இழை முறிந்துவிடும்.