முறுக்கிய மண்ணீரல்: எடுத்துவிடுவதா, பொருத்தி வைப்பதா?

இடது விலாவுக்கு அடியில் இருக்கவேண்டிய மண்ணீரல், அரிதாகச் சில குழந்தைகளுக்கு அடிவயிறு வரை இறங்கிவிடும். அதை இழுத்துப் பிடிக்கும் நார்கள் பிறவியிலேயே சரியாக உருவாகாததுதான் காரணம். நீண்டுபோன ரத்தக்குழாய்க் காம்பில் தொங்கும் மண்ணீரல் ஒருநாள் முறுக்கிக்கொள்ளும். வயிற்றுவலி, வாந்தி, கையில் தட்டுப்படும் கட்டி. சில சமயம் முறுக்கு தானாக அவிழ்ந்து வலியும் போய்விடும். வாயுப்பிடிப்பு என்று ஓமவாட்டர் கொடுத்து மறந்துவிடுவோம்.

டாப்ளர் ஸ்கேனிலோ சிடி ஸ்கேனிலோ தெரிந்த பிறகு, 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மறுபடி முறுக்கினால் மண்ணீரல் அழுகிப்போகலாம். மிச்சம் இரண்டு வழிகள்.

எடுத்துவிடுவது சுலபம், மறுபடி முறுக்கும் என்ற பயமும் இல்லை. ஆனால் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பு அது. ஒரு காலத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் நினைத்தார்கள். மண்ணீரல் நீக்கிய ஐந்து கைக்குழந்தைகளுக்குக் கடும் தொற்று வந்ததை 1952இல் கிங், ஷுமாக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய பிறகே ஆபத்து உறைத்தது. இன்றைக்கு நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சா பி) ஆகிய கிருமிகளுக்குத் தடுப்பூசிகள் உண்டு. அவசர ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். பிறகு வருடக்கணக்கில் தினமும் பென்சிலின். காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், பிள்ளை பெரியவனான பிறகும்.

பொருத்தி வைப்பதில் மெனக்கெடல் அதிகம். முறுக்கை அவிழ்த்து, வெதுவெதுப்பான ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள். கருநீலம் வெளுத்து நிறம் திரும்பினால் உயிர் இருக்கிறது. வெங்காய மூட்டை வலை போன்ற ஒரு பையில் அதை வைத்துத் தைப்பார்கள். வலை மெல்லக் கரைய, சுற்றி உருவாகும் தழும்பே பிடித்துக்கொள்ளும். அல்லது வயிற்றின் உட்புறச் சவ்விலேயே பை வெட்டிச் செருகுவார்கள். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியிலேயே இரண்டும் முடியும். அதே நார்கள் இரைப்பையையும் பிடிப்பவை என்பதால், அது தளர்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. மறுபடி முறுக்குவது அரிது, ஆனால் நடக்காது என்றில்லை.

கறுத்துச் செத்துவிட்டதென்றால் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாதி நிறம் திரும்பினாலும் வைத்துக்கொள்ளும் பக்கம்தான் நான். ஒப்புதல் படிவத்தில் 'நீக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன் சர்ஜனிடம் ஒன்று கேளுங்கள்: "நிறம் திரும்பினால் வச்சிடுவீங்களா டாக்டர்?"