முறைப்பாடமா, ஒருவரின் பெருந்தொகுப்பா? சீட்டு வித்தையும் மனவித்தையும் கற்கும் வழிகள்

சீட்டு வித்தை கற்க விரும்பும் இளைஞர்கள் பினாங்கில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் புத்தகத்தை வாங்குவது என்பதுதான். பெரும்பாலோர் காணொளிகளைப் பார்த்து நாலைந்து வித்தைகளைப் பழகிக்கொண்டு, அதற்கு மேல் நகர வழி தெரியாமல் வருகிறார்கள். ஆரம்பம் முதல் படிப்படியாகச் சொல்லித்தரும் பாடநூல் ஒரு வழி. பிறர் மனத்தைப் படிப்பதுபோல் காட்டும் மனவித்தைக்கென்றே எழுதப்பட்ட கையேடு இன்னொரு வழி. ஒரே படைப்பாளி வாழ்நாள் முழுவதும் கண்டுபிடித்த வித்தைகளை ஒன்றுதிரட்டிய பெருந்தொகுப்பு மூன்றாவது. என் மனம் மூன்றாவதன் பக்கமே சாய்கிறது. ஆனால் எந்தக் கட்டத்தில், எந்தப் படைப்பாளியின் தொகுப்பு என்பதைச் சொல்லாமல் அதை ஒருவருக்குப் பரிந்துரைப்பது அவருடைய காசைக் கரைக்கும் செயல்.

பாடநூலிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜீன் ஹியூகார்டும் அமெரிக்கரான ஃபிரெடரிக் பிரவும் 1940களின் இறுதியில் எழுதிய 'ராயல் ரோட் டு கார்ட் மேஜிக்' இன்றும் அச்சில் இருக்கிறது. மலிவுப் பதிப்பும் உண்டு. முதல் அத்தியாயம், சீட்டுக்கட்டைக் கையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக் கலைப்பது பற்றியது. நம் வீடுகளில் தீபாவளிக்குச் சீட்டாடும் எவரும் செய்கிற அதே கலைப்புதான். அதை வைத்தே ஒரு சீட்டை மேலேயோ அடியிலேயோ நிறுத்திவைக்கக் கற்றுத்தந்துவிட்டு, அந்த ஒரு திறமையை மட்டும் கொண்டு செய்யக்கூடிய வித்தைகளை உடனே தருகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் அடுத்த திறமை, அதற்கான வித்தைகள். படித்த அன்றே யாரிடமாவது செய்துகாட்ட முடியும் என்பது இந்நூலின் பெரிய பலம். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று ஔவை சொன்னதை வரிசைப்படுத்திப் பாடத்திட்டமாக்கினால் இப்படித்தான் இருக்கும். சுவிட்சர்லாந்துக்காரரான ரொபெர்டோ ஜியோபி ஐந்து தொகுதிகளில் எழுதிய 'கார்ட் காலேஜ்' இன்னும் நுணுக்கமானது. விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதோடு, ஏன் அங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. பொறுமையும் பணமும் உள்ளவர்கள் அதை எடுக்கலாம். முதல் ஆண்டுக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று கட்டாயம் வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஆனால் பாடநூலை முடித்தவரின் கையில் என்ன இருக்கும்? நன்றாகப் பழகிய விரல்களும், உலகமெங்கும் பல்லாயிரம் பேர் செய்கிற அதே வித்தைகளும் இருக்கும். அந்த வித்தை எப்படிப் பிறந்தது, வேறு எப்படியெல்லாம் பிறந்திருக்கலாம் என்பது தெரியாது. அதைப் பாடநூல் சொல்வதில்லை. அது அதன் வேலையும் அல்ல. இந்த இடத்தில்தான் பெருந்தொகுப்பு தேவைப்படுகிறது. இரண்டு படைப்பாளிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும்.

ஒருவர் அலெக்ஸ் எல்ம்ஸ்லி. 1929இல் பிறந்து 2006இல் மறைந்தவர். கணினித் துறையில் வேலை பார்த்தவர். நான்கு சீட்டுகளை நான்காகவே எண்ணிக் காட்டியபடி அவற்றில் ஒன்றின் முகத்தை மட்டும் மறைக்கும் எண்ணல் முறை அவர் பெயரால்தான் வழங்குகிறது. அவருடைய வித்தைகளை ஸ்டீவன் மிஞ்ச் எழுதித் தொகுத்து, 1991இலும் 1994இலுமாக இரு தொகுதிகள் வந்தன. அவற்றில் எல்ம்ஸ்லியின் கணினி மூளை எப்படி ஓடுகிறது என்பதற்கு ஒரு சான்று போதும். கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியின் சீட்டு, மறு பாதியின் சீட்டு என்று ஒன்றுவிட்டு ஒன்று துல்லியமாகக் கோக்கும் கலைப்புக்கு ஃபாரோ என்று பெயர். கோக்கும்போது உச்சிச் சீட்டை உச்சியிலேயே விடலாம். அல்லது ஒரு படி கீழே தள்ளலாம். உச்சிச் சீட்டுக்கு மேல் பத்துச் சீட்டுகள் வர வேண்டுமா? பத்தை இரும எண்ணில் எழுதுங்கள்: 1010. ஒன்று வரும் இடத்தில் உள்ளே தள்ளிக் கோத்துவிடுங்கள். பூஜ்யம் வரும் இடத்தில் உச்சியிலேயே விடுங்கள். நான்காவது கலைப்பில் அந்தச் சீட்டு சரியாகப் பதினோராம் இடத்தில் நிற்கும். கணினிக்குள் ஓடும் கணக்கு சீட்டுக்கட்டுக்குள்ளும் ஓடுகிறது என்பதை முதன்முறை செய்து பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

மற்றவர் ஸ்டூவர்ட் ஜேம்ஸ் (1908-1996). கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கோர்ட்ரைட் என்ற சிற்றூரில் தபால்காரராக இருந்தவர். பெருநகர மேடைகளிலிருந்து விலகி அங்கேயே வாழ்ந்துகொண்டு, தனக்குத்தானே புதிர்களைப் போட்டுக்கொண்டு விடை தேடினார். அவருடைய அச்சான வித்தைகளின் முதல் ஐம்பது ஆண்டுத் தொகுப்பு 1989இல் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூல். 1936இல் வெளியான 'மிராஸ்கில்' அவருடைய புகழ்பெற்ற வித்தை. பார்வையாளரே கட்டைக் கலைக்கிறார். இரண்டிரண்டாக எடுத்துப் பார்க்கிறார். இரண்டும் சிவப்பென்றால் ஒருவருக்கு, இரண்டும் கறுப்பென்றால் மற்றவருக்கு, கலப்பு ஜோடி என்றால் ஒதுக்கிவிட வேண்டும். யாருக்கு எவ்வளவு கூடுதலாக வரும் என்பதை வித்தைக்காரர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். இதன் அடியில் இருப்பது பள்ளிக் கணக்கு. கலப்பு ஜோடி ஒவ்வொன்றும் ஒரு சிவப்பையும் ஒரு கறுப்பையும் தின்றுவிடுவதால், இரு நிறமும் சம எண்ணிக்கையில் இருந்தால் மிஞ்சும் ஜோடிகளும் சமமாகத்தான் வரும். எத்தனை முறை கலைத்தாலும் இது மாறாது. இந்த எளிய உண்மையை யாரும் கணக்கென்று கண்டுகொள்ளாதபடி ஜேம்ஸ் எப்படி உடுத்தினார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அது நூலை வாங்கி உழைப்பவருக்கு உரியது.

எல்ம்ஸ்லி கேட்பது விரல்களை. ஜேம்ஸ் கேட்பது வாயை. ஜேம்ஸின் வித்தைகளுக்குக் கைத்திறன் அவ்வளவாக வேண்டாம் என்பதால் அவை எளியவை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பினாங்கில் அப்படியல்ல. ஒரு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் எதிரே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் மட்டும் அறிந்த பாட்டி, ஹொக்கியன் பேசும் பக்கத்து வீட்டுக்காரர், மலாய்த் தோழர், ஆங்கிலம் விரும்பும் அவருடைய பிள்ளைகள். 'ஒரு சீட்டை எடுங்கள்' என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். 'இரண்டிரண்டாக எடுங்கள், நிறம் ஒத்தால் இந்தப் பக்கம், ஒவ்வாவிட்டால் அந்தப் பக்கம்' என்பதை மூன்று மொழியில் பிசகில்லாமல் சொல்லியாக வேண்டும். யாரோ ஒருவர் ஆர்வத்தில் மூன்று சீட்டுகளை எடுத்துவிட்டால் கணக்கு சரிந்துவிடும். அதை நிமிர்த்த வழியில்லை. எல்ம்ஸ்லியின் நான்கு சீட்டு வித்தைகளில் இந்த ஆபத்து இல்லை. சீட்டுகள் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றன. ஜேம்ஸைத் தேர்ந்தெடுப்பவர்கள், செய்முறையைப் பழகுவதைவிட அதிக நேரம் கட்டளை வாக்கியங்களைப் பழக வேண்டும். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று என எழுதி, வெட்டிக் குறுக்கி, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

எல்ம்ஸ்லிக்கு நம் ஊரில் வேறொரு பகை உண்டு: காற்றிலுள்ள ஈரம். காகிதச் சீட்டு ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது, ஓரங்கள் மெத்தென்றாகிவிடுகின்றன. குளிர்சாதன அறையில் வெண்ணெயாகக் கோத்த ஃபாரோ, கடற்கரையோர மண்டபத்தில் கட்டிகட்டியாகச் சிக்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் சீட்டு ஈரத்துக்கு அஞ்சாது. ஆனால் நுண்ணிய கைவேலைக்கு அது வழுக்குகிறது. புதுக்கட்டை நிகழ்ச்சிக்குச் சற்றுமுன் பிரிப்பதும், பயிற்சிக் கட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதும் ஓரளவு கைகொடுக்கும். ஃபாரோவை நம்பிய வித்தையைத் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு எடுத்துப்போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

மனவித்தைக்கு வருவோம். இங்கே போட்டி, இரண்டு பழைய நூல்களுக்கும் பெருந்தொகுப்புக்கும் இடையில். அமெரிக்கரான தியோடர் ஆனமன் 1934 முதல் 1941 வரை 'ஜிங்ஸ்' என்ற இதழை நடத்தினார். 1942இல் அவர் மறைந்த பிறகு, அதில் வந்த மனவித்தைகளைத் திரட்டி 1944இல் நூலாக்கினார்கள். ஜேம்ஸின் 'மிராஸ்கில்' முதலில் வெளியானதும் அந்த இதழில்தான். பலருடைய மூளையில் உதித்தவை ஒரே கூரையின்கீழ் இருப்பதால் ஆனமன் நூலில் ஒரு வித்தைக்கும் அடுத்த வித்தைக்கும் உறவு குறைவு. ஆனால் ஒவ்வொன்றிலும் தேவையற்றது எதுவும் இல்லாதபடி செதுக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் கோரிண்டா எழுதிய 'தர்ட்டீன் ஸ்டெப்ஸ் டு மென்டலிசம்' இதற்கு நேர்மாறு. பதின்மூன்று படிகளும் தனித்தனிச் சிறுநூல்களாக வெளிவந்து பிறகு ஒன்றானது. நினைவாற்றல், முன்கணிப்பு, கண்கட்டு, மடித்த காகிதம், புத்தகச் சோதனை, இருவர் சேர்ந்து செய்யும் மனத்தொடர்பு எனத் துறைவாரியாகப் பிரித்துத் தருகிறது. பத்தாவது படி முழுக்கச் சீட்டுக்கானது. ஒருவர் மனவித்தைக்கு ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் கோரிண்டாவைத்தான் வாங்கச் சொல்வேன். ஜேம்ஸின் தொகுப்பில் அற்புதமான முன்கணிப்புகள் இருந்தாலும், அவை அறிவுக்கு விருந்தாகும் அளவுக்கு நெஞ்சைத் தொடுவதில்லை. மனவித்தை என்பது புதிர் அல்லவே. எதிரே இருப்பவர் தன் மனத்தை யாரோ தொட்டதாக உணர வேண்டும்.

அந்த உணர்வில் ஓர் ஆபத்து இருக்கிறது. கோரிண்டாவின் நூலில் ஆவிகளோடு பேசுவதுபோன்ற வித்தைகளுக்கும், பார்வையாளர்கள் எழுதித்தரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கும் தனித்தனிப் படிகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கலாம், நம்மிடையே செய்யக்கூடாது. குறி கேட்பதும் ஜாதகம் பார்ப்பதும் வாழ்க்கையோடு கலந்த சமூகம் நம்முடையது. நண்பர் வீட்டு விருந்தொன்றில், ஒருவர் மனத்தில் நினைத்த சீட்டை நான் சொன்னதும் சபை கைதட்டியது. எல்லாரும் கலைந்த பிறகு ஓர் அம்மாள் ஒதுக்குப்புறமாக வந்து, "தம்பி, என் மகளுக்கு இந்த ஆண்டாவது வரன் அமையுமா? பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டார். இது பழக்கத்தால் செய்யும் வித்தை, எனக்கு அப்படி எந்தச் சக்தியும் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. அன்றுமுதல், நான் செய்வது வித்தை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னதால் கைதட்டல் ஒருபோதும் குறைந்ததில்லை. சூனியம் என்ற ஐயத்தைக் கிளப்பாமல் இருப்பது இஸ்லாமிய நண்பர்கள் நிறைந்த சபைக்கு நாம் காட்டும் மரியாதையும்கூட.

இந்த வகையில் சீட்டையும் மனவித்தையையும் இணைக்கும் மிகச் சிறந்த ஒற்றை வித்தை பால் கரி என்ற அமெரிக்கருடையது. 1942இல் அவர் வெளியிட்டது. முகம் பார்க்காமலேயே பார்வையாளர் சிவப்பையும் கறுப்பையும் தானாகப் பிரித்துவிடுகிறார். இங்கே அதிசயசக்தி வித்தைக்காரருக்கு அல்ல, பார்வையாளருக்குச் சொந்தமாகிறது. கரியும் ஓர் ஓயாத கண்டுபிடிப்பாளர். ஆனால் இந்த ஒரு வித்தைக்காக அவருடைய தொகுப்பு முழுவதையும் முதலில் வாங்க வேண்டியதில்லை.

காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்ம்ஸ்லி எண்ணலின் தாளத்தைக் கண்ணால் பார்ப்பது பத்துப் பக்க விளக்கத்தைவிட மேல். ஆனால் காணொளியில் கற்றவர், கற்பித்தவரின் முகபாவத்தையும் பேச்சையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிடுகிறார். புத்தகத்தில் கற்றவர் தன் பேச்சைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் செய்து காட்ட விரும்புகிறவருக்கு இதுவே பெரும் நன்மை.

விலையையும் பார்க்க வேண்டும். பெருந்தொகுப்புகள் பாடநூல்களைவிடப் பல மடங்கு விலை. கப்பல் கட்டணம் வேறு. பினாங்கு ரோட்டிலுள்ள சௌரஸ்தா சந்தை மாடியின் பழைய புத்தகக் கடைகளில் நான் தேடாத அடுக்கில்லை. இத்தகைய தொகுப்பு எதுவும் கண்ணில் பட்டதில்லை. இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்கிப் படிப்பதே அறிவுடைமை. ஒருவர் செய்ய, மற்றவர் பார்வையாளராக உட்கார்ந்து குழம்ப வேண்டும். ஜேம்ஸின் வித்தைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல், ஒரே பிரச்சினைக்கு அந்தப் படைப்பாளி வெவ்வேறு ஆண்டுகளில் கண்ட தீர்வுகளைத் தேடியெடுத்து, மேசையில் வரிசையாகச் செய்து பாருங்கள். எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

சீட்டுக்கட்டையே வாசலுக்குள் விடாத வீடுகளும் நம் ஊரில் உண்டு. சூதாட்டத்தால் நொந்த குடும்பங்களில் அந்த வெறுப்பு நியாயமானதும்கூட. அங்கே ஃபாரோவும் பாடநூலின் பெரும்பகுதியும் பயன்படா. ஜேம்ஸின் கணக்குக்குச் சீட்டே தேவையில்லை. இரண்டு வகைப் பொருள்கள் சம எண்ணிக்கையில் இருந்தால் போதும். ஒரே அளவிலான இருபது அஞ்சலட்டைகளை எடுங்கள். பத்தில் பினாங்குப் பாலம், பத்தில் தண்ணீர்மலைக் கோயில் என்று படம் இருக்கட்டும். கவிழ்த்துப் பரப்பி வீட்டாரையே நன்றாகக் கலக்கச் சொல்லி, ஜோடி ஜோடியாக எடுக்க வையுங்கள். அதற்குமுன் மறவாமல், மூன்றாக எடுக்கக்கூடாது என்று இரு மொழியிலும் சொல்லிவிடுங்கள்.